தோலில் பழைய காலத்து உடை: எத்தனை எம்.எம்., எவ்வளவு விரிவு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாடகக் குழுக்களுக்கும் போட்டோ எடுப்பவர்களுக்கும் 16 முதல் 18-ஆம் நூற்றாண்டு வரையிலான ஐரோப்பிய உடைகளைத் தைத்துத் தருகிறேன். துணியில் நன்றாகத் தைப்பவர்கள்கூட தோலுக்கு வரும்போது ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். போனில் சொல்லிச் சொல்லி வாய் வலித்துப்போனதால் எழுதிவைத்துவிட்டேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

மூன்று பெயர்கள் அடிக்கடி வரும். ஜெர்கின் என்பது டப்ளெட் என்ற இறுக்கமான சட்டைக்கு மேல் போடும் மேற்சட்டை, பெரும்பாலும் கை இருக்காது. பஃப் கோட் என்பது 17-ஆம் நூற்றாண்டுப் படைவீரர்களின் தடித்த தோல் கோட்டு. பிரீச்சஸ் முழங்காலுக்குக் கீழே முடியும் கால்சட்டை.

"ஃபுல்னஸ்"னு எதைச் சொல்றீங்க? லூஸா தைக்கிறதுதானே?

இல்லை. உட்கார, கையைத் தூக்க, மூச்சு விட என்று உடம்பின் அளவுக்கு மேல் விடுகிற நாலைந்து சென்டிமீட்டர்தான் லூஸ். ஃபுல்னஸ் என்பது தோற்றத்துக்காக வைக்கும் விரிவு. பட்டுப்பாவாடை இடுப்பில் சிறுத்து, கீழே அகன்று நிற்கிறதே, அது. இனி நான் விரிவு என்றே எழுதுகிறேன்.

துணியில் விரிவு கொண்டுவர மூன்று வழி உண்டு. சுருக்கு வைக்கலாம், கொசுவம் வைக்கலாம், வெட்டும்போதே அகட்டி வெட்டலாம். முதல் இரண்டும் தோலோடு சண்டை போடும். மூன்றாவதைத் தோல் துணியைவிட அழகாகச் செய்யும், ஏனென்றால் தோலில் நூல் பிரியாது, குறுக்கே வெட்டினாலும் விளிம்பு அப்படியே நிற்கும்.

கடையில "எத்தனை எம்.எம்.?"னு கேக்குறாங்க. வெளிநாட்டு வீடியோவுல அவுன்ஸ்னு சொல்றாங்க. எதைக் கணக்கு வச்சுக்கிறது?

இரண்டும் தடிமன்தான். ஒரு சதுர அடித் தோல் ஒரு அவுன்ஸ் எடை இருந்தால் அதன் தடிமன் ஏறக்குறைய 0.4 மி.மீ. இருக்கும் என்பது பழைய வியாபாரக் கணக்கு. அதனால் 2 அவுன்ஸ் என்றால் 0.8 மி.மீ., 3 அவுன்ஸ் என்றால் 1.2 மி.மீ. அவுன்ஸை 0.4-ஆல் பெருக்குங்கள், போதும். நம்மூரில் தடிமனை எம்.எம்.மில் சொல்லி, விலையைச் சதுர அடிக்குப் போடுவார்கள்.

கடைக்காரர் "எட்டு" என்று சொன்னால் 0.8 என்று பொருள். ஆனால் ஒரு தோல் முழுக்க அதே தடிமனில் இருக்காது. முதுகில் 0.9 இருக்கும், வயிற்றோரம் 0.7-க்கு இறங்கியிருக்கும். சின்ன திக்னஸ் கேஜ் ஒன்று வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். முதுகு, கழுத்து, வயிற்றோரம் என்று மூன்று இடத்தில் வைத்துப் பாருங்கள். அதை வெளியே எடுத்ததுமே கடைக்காரர் உங்களிடம் பேசும் தொனி மாறும், அது தனி லாபம்.

எந்த உடுப்புக்கு எந்தத் தடிமன்? ஒரே வரியில சொல்லுங்க.

ஒரே வரியில் முடியாது, நாலு வரியில் சொல்கிறேன். மடிப்பு, சுருக்கம், தொங்கல் உள்ள எதற்கும் 0.5 முதல் 0.7 மி.மீ. வரையுள்ள செம்மறி நாப்பாவோ (வழுவழுப்பான மெத்தென்ற தோல்) வெள்ளாட்டு சூடோ (பளபளப்பில்லாமல் பூம்பூவாக இருக்கும் தோல்). உடம்போடு ஒட்டி நிற்கும் ஜெர்கினுக்கு 0.8 முதல் 1.2. பிரீச்சஸுக்கு மெத்தென்ற 0.9 முதல் 1.1. பஃப் கோட் மாதிரி தானாக நிற்க வேண்டியதற்கு 2 மி.மீ.க்கு மேல்.

இது ஆரம்பப் புள்ளி மட்டும்தான். கடைசித் தடிமனை முடிவு செய்வது உடுப்பின் பெயர் அல்ல, அந்த உடுப்பிலேயே அதிக அடுக்குகள் சேரும் இடம். அதைக் கொசுவக் கேள்வியில் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

அந்தக் காலத்துல எல்லாம் தடி தடியான தோல்தானே போட்டிருப்பாங்க? மெல்லிசா வாங்கினா தப்பாத் தெரியாதா?

இந்த நினைப்பு பஃப் கோட்டால் வந்தது. அது உண்மையிலேயே தடி. இங்கிலாந்தின் உள்நாட்டுப் போர்க் காலத்துக் கோட்டுகளில் (1642-51) சில இடங்கள் 5 மி.மீ. வரை போகும். வாள்வெட்டைத் தாங்க அணிந்தது அது. மாட்டுத்தோல், எல்க் என்னும் பெரிய மான் தோல் போன்றவற்றை எண்ணெய் ஊட்டிப் பதப்படுத்தி, மேல்தோலைச் சீவி எடுத்திருப்பார்கள். அதனால் 5 மி.மீ. இருந்தும் கம்பளம் மாதிரி வளையும். ஸ்வீடன் மன்னர் குஸ்தாவ் அடால்ஃப் 1632-இல் லுட்ஸன் போரில் விழுந்தபோது போட்டிருந்த எல்க் தோல் கோட்டு இன்றும் ஸ்டாக்ஹோமில் இருக்கிறது. பழைய குண்டுக் காயத்தால் அவரால் இரும்புக் கவசம் போட முடியவில்லை, அதனால்தான் தோல். இது போர்க்கள உடை. 1640-இல் எழுதிய ஓர் ஆங்கிலக் கடிதத்தில் நல்ல பஃப் கோட்டு பத்து பவுண்டுக்குக் குறைந்து கிடைக்கவில்லை என்று புலம்பல் இருக்கிறது. அந்தக் காலத்தில் அது பெரிய தொகை, எல்லோரும் போட்டுத் திரிந்த உடுப்பு இல்லை.

அன்றாட உடுப்பு வேறு கதை. லண்டன் அருங்காட்சியகத்தில் 16-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு பையனின் தோல் ஜெர்கின் இருக்கிறது. மேற்பரப்பு முழுக்கக் கீறல் கோடுகள், நடுவே இதயமும் நட்சத்திரமுமாகப் பொடிப்பொடித் துளைகள். அலங்காரம் ஒருபக்கம். இப்படித் துளைத்த தோல் உடம்போடு இணங்கி வளையும், காற்றும் போகும். 1545-இல் மூழ்கி 1982-இல் தூக்கப்பட்ட மேரி ரோஸ் என்ற ஆங்கிலப் போர்க்கப்பலிலும் மாலுமிகளின் தோல் ஜெர்கின்கள் கிடைத்தன. இன்னும் பின்னால் போனால், ஆல்ப்ஸ் பனியில் கிடைத்த 5,000 வருடத்துக்கு முந்தைய ஓட்ஸி மனிதனின் மேலங்கி, வெள்ளாட்டுத் தோலையும் செம்மறித் தோலையும் பட்டை பட்டையாக ஒட்டுச் சேர்த்தது. அதனால் மெல்லிய தோலைப் பார்த்து யாரும் குறை சொல்ல முடியாது.

துணிக்கான பேட்டர்ன் கையில இருக்கு. அப்படியே தோல்ல வச்சு வெட்டிடலாமா?

உடம்புப் பகுதியை ஏறக்குறைய அப்படியே வெட்டலாம். விரிவு உள்ள பகுதிகளை அப்படியே வெட்டக்கூடாது. துணிப் பேட்டர்னில் "மூன்று பங்கைச் சுருக்கி ஒரு பங்காக்கு" என்று இருந்தால், 0.6 மி.மீ. தோலில் அதை ஒன்றரைப் பங்குக்குக் குறைக்கிறேன். 0.8-க்கு மேல் போனால் சுருக்கை அடியோடு எடுத்துவிட்டு வெட்டிலேயே விரிவு வைக்கிறேன்.

உடம்புப் பகுதியிலும் ஒரு சிக்கல் உண்டு. தோல் தடிக்கத் தடிக்க உள்சுற்றளவு குறையும். தட்டையாக வெட்டிய துண்டை வளைத்து மூடினால், தடிமனைப்போல் சுமார் மூன்று மடங்கு உள்ளே காணாமல் போகும். 1 மி.மீ.யில் 3 மி.மீ. போவது தெரியாது. 4 மி.மீ.யில் ஒன்றேகால் சென்டிமீட்டர் போய்விடும், பித்தான் மாட்டாது. ஜெர்கினுக்கு அளவெடுக்கும்போது உள்ளே போடப்போகும் டப்ளெட்டையும் போட்டுக்கொண்டே எடுங்கள். பாதிப் பேர் இதில்தான் கோட்டை விடுகிறார்கள்.

ஜெர்கினுக்குக் கீழ பாவாடை மாதிரி கொசுவம் வைக்கணும். 1.2 எம்.எம். தோல் வாங்கிட்டேன். சரியா வருமா?

வராது. எப்படித் தெரியும் என்றால் நானும் அதே தோலில் அதே காரியத்தைச் செய்தேன். ஒரு நாடகத்துக்காக 1.2 மி.மீ. மாட்டுத் தோலில் கொசுவம் வைத்த ஜெர்கின். மேஜையில் பரப்பியபோது ராஜா மாதிரி இருந்தது. நடிகர் போட்டதும் இடுப்பைச் சுற்றி டயர் மாட்டியது போல ஆகிவிட்டது. மேடையில் நாற்காலியில் உட்கார்ந்தபோது பாவாடை மடங்கவில்லை, மொத்தமாக மேலே ஏறி அவர் மார்பில் வந்து நின்றது. சோகக் காட்சி அது. அரங்கம் சிரித்தது.

கணக்கை முதலிலேயே போட்டிருக்க வேண்டும். கொசுவத்தை இடைவெளி இல்லாமல் அடுக்கினால் இடுப்பில் எங்கே தொட்டாலும் மூன்று அடுக்கு இருக்கும். அதோடு மேல்சட்டையின் ஓர் அடுக்கு. தையலுக்கு விட்ட ஓரத்தை மேலே மடித்தால் இன்னொன்று. ஆக ஐந்து. 1.2-ஐ ஐந்தால் பெருக்கினால் 6 மி.மீ. சின்ன விரல் நகத்தின் பாதி அகலத்துக்குத் தோல், இடுப்பைச் சுற்றிலும். அதே கொசுவம் 0.6-இல் 3 மி.மீ.தான், சமாளிக்கலாம்.

வாங்கும் முன் கடையிலேயே ஒரு சோதனை செய்யுங்கள். தோலின் ஓரத்தை விசிறி மாதிரி மூன்றாக மடித்துக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் பத்து எண்ணும் வரை அழுத்திப் பிடியுங்கள். விட்டதும் படக்கென்று விரிந்துகொண்டால் அது கொசுவத்துக்கு ஆகாது. சோம்பேறித்தனமாக மெல்ல விரிந்தால் ஆகும்.

அப்போ கொசுவம் இல்லாம விரிவு எப்படி வரும்? சப்புனு ஆயிடாதா?

அம்ப்ரெல்லா கட் தெரியுமல்லவா, அதே சங்கதி. இடுப்பு 84 செ.மீ., பாவாடை நீளம் 22 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். முழு வட்டம் என்றால் 84-ஐ 6.28-ஆல் வகுத்து, உள் ஆரம் 13.4 செ.மீ. அதோடு 22 சேர்த்தால் வெளி ஆரம் 35.4. கீழ்விளிம்புச் சுற்று 222 செ.மீ. வந்துவிடும், இடுப்பைப்போல் இரண்டரை மடங்குக்கு மேல். இடுப்பில் இருப்பது ஒரே ஒரு அடுக்கு! அரை வட்டம் போதுமென்றால் உள் ஆரம் 26.7, வெளி ஆரம் 48.7, கீழ்ச்சுற்று 153. இதுவும் கிட்டத்தட்ட 1.8 மடங்கு.

தோல் செலவைப் பாருங்கள். மூன்று பங்கு கொசுவத்துக்கு 252 செ.மீ. நீளப் பட்டை வேண்டும், அது 6 சதுர அடி. முழு வட்டத்துக்கு மூன்றரைச் சதுர அடிக்குக் கொஞ்சம் மேல். அரை வட்டத்துக்கு 3-ஐக்கூடத் தொடாது. பணமும் மிச்சம், எடையும் மிச்சம்.

இன்னொரு வழி மடல்கள். பஃப் கோட்டின் கீழ்ப்பகுதி விரிந்த மடல்களாக ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும். குதிரையில் உட்கார்ந்ததும் அவை விலகித் தொடையின் இரு பக்கமும் விழும். எங்கேயும் ஒரு கொசுவம் கிடையாது. அந்தத் தடித் தோலை வைத்துக்கொண்டு அன்றைய தையல்காரர்களும் இதே முடிவுக்குத்தான் வந்திருக்கிறார்கள். உங்களிடம் இருக்கும் 1.2-ஐ இப்படி மடல்களாக வெட்டுங்கள், வீணாகாது.

முழு வட்டம்னு சுலபமாச் சொல்லிட்டீங்க. ஆட்டுத்தோல் கைக்குட்டை மாதிரி இருக்கே, எங்க வட்டம் போடுறது?

ஒரு வெள்ளாட்டுத் தோல் பெரும்பாலும் 4 முதல் 6 சதுர அடிதான். கால் ஓரங்களையும் ஓட்டைகளையும் கழித்தால் இன்னும் குறையும். வட்டத்தை எட்டுத் துண்டாகப் பிரியுங்கள். மேலே சொன்ன முழு வட்டத்தில் ஒவ்வொரு துண்டும் இடுப்பில் பத்தரை, கீழே 28 செ.மீ.க்குக் கொஞ்சம் குறைவு. ஒரு தோலில் ஐந்தாறு துண்டு வரும், மீதியில் காலர்.

ஒட்டு தெரிகிறதே என்று கூச்சப்பட வேண்டாம். பழைய உடுப்புகளில் ஒட்டு சர்வசாதாரணம், ஓட்ஸியின் அங்கியே சாட்சி. ஒட்டுகள் இடவலம் சமமாக விழுந்தால் போதும், பார்ப்பவர்கள் அதையும் டிசைன் என்றே நினைப்பார்கள்.

எல்லாத் துண்டையும் ஒரே திசையிலதான் வைக்கணுமா? தோலுக்கு என்ன நேர், குறுக்கு?

நெய்த துணியின் நேர், குறுக்கு இல்லை. ஆனால் முதுகெலும்பு வாக்கில் தோல் குறைவாக இழுபடும், குறுக்கே அதிகமாக. வயிற்றோரம் எந்தப் பக்கம் இழுத்தாலும் வரும். துண்டின் நீளவாக்கு முதுகெலும்போடு ஓடட்டும். முன்பக்கம், முதுகு, இடுப்புப் பட்டி மூன்றையும் நடுத்தோலில் எடுங்கள். வயிற்றோரத் தோலைப் பிறர் கண்ணில் படாத சின்னத் துண்டுகளுக்கு வையுங்கள்.

எத்தனை சதுர அடி வாங்கணும்?

பேட்டர்ன் துண்டுகளின் பரப்பைச் சதுர சென்டிமீட்டரில் கூட்டி 929-ஆல் வகுத்தால் சதுர அடி. மாட்டுத்தோலுக்கு அதோடு கால் பங்கு, ஆட்டுத்தோலுக்கு மூன்றில் ஒரு பங்கு சேர்த்து வாங்குங்கள். சாயம் ஒன்றுபோல இருக்க ஒரே லாட்டில் வாங்குவது முக்கியம். அடுத்த வாரம் போனால் "அதே கலர்தான் சார்" என்று வேறு கலரை எடுத்துப் போடுவார்கள்.

வெயிட் எவ்வளவு வரும்? மேடையில ரெண்டு மணி நேரம் நிக்கணும்.

1 மி.மீ. தடிமனுள்ள ஒரு சதுர அடித் தோல் சுமாராக 70 கிராம். இதை வைத்து எல்லாவற்றையும் கணக்குப் போடலாம். 1 மி.மீ. ஜெர்கின் 14 சதுர அடி என்றால் ஒரு கிலோ. தோளில் இருப்பதே தெரியாது. கணுக்கால் வரை தொங்கும் பாவாடை 0.8-இல் 40 சதுர அடி பிடித்தால் இரண்டேகால் கிலோ, அத்தனையும் இடுப்பில் தொங்கும். பட்டியை அகலமாக வைத்து உள்ளே கேன்வாஸ் கொடுக்க வேண்டும். 2.5 மி.மீ. பஃப் கோட்டு 30 சதுர அடி என்றால் ஐந்தேகால் கிலோ. குளிர்நாட்டுப் போர்வீரனுக்கு அது பரவாயில்லை, ஏ.சி. வேலை செய்யாத சபாவில் நிற்கும் நம் நடிகருக்கு அல்ல.

மேடைக்கு நான் பஃப் கோட்டை 1.6-க்கு மேல் தைப்பதில்லை. விளிம்புகளில் மட்டும் உள்பக்கம் இன்னொரு பட்டை ஒட்டித் தைத்துத் தடிமனாகக் காட்டிவிடுவேன். கண்ணுக்குத் தடிமன் தெரிவது விளிம்பில்தானே.

ரெண்டு தோலும் 1 எம்.எம்.தான். ஒண்ணு சேலை மாதிரி விழுது, இன்னொண்ணு அட்டை மாதிரி நிக்குது. கேஜ் தப்பா?

கேஜ் சரி. பதனிட்ட விதம் வேறு. குரோமியம் உப்பில் பதனிட்ட தோல் மெத்தென்று விழும். மரப்பட்டையில் பதனிட்டது விறைத்து நிற்கும், மடித்த கோடு அப்படியே இருக்கும். எண்ணெய் ஊட்டியது தடித்திருந்தாலும் வளையும். அதனால்தான் தடிமனை மட்டும் போனில் சொல்லித் தோல் வாங்காதீர்கள் என்கிறேன். கையை நீட்டி முஷ்டியின் மேல் தோலைப் போட்டுப் பாருங்கள். முஷ்டியைச் சுற்றி எத்தனை மடிப்பு விழுகிறது, எவ்வளவு கூர்மையாக விழுகிறது என்பதுதான் உங்கள் உடுப்பில் வரப்போகும் விரிவு. நாலைந்து மடிப்பு வழுக்கிக்கொண்டு விழுந்தால் பாவாடைக்கு. கூடாரம் மாதிரி இரண்டு பக்கம் நின்றால் ஜெர்கின் உடம்புக்கு.

குரோம் தோல்ல 17-ஆம் நூற்றாண்டு உடுப்பு தைக்கலாமா? அது புது முறைன்னு ஒருத்தர் சண்டைக்கு வந்துட்டார்.

சண்டைக்கு வந்தவர் சொன்ன தகவல் சரி. குரோம் முறைக்கு அமெரிக்காவில் அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் காப்புரிமை வாங்கியதே 1884-இல்தான். சென்னையில் குரோம்பேட்டைக்கு அந்தப் பெயர் வந்ததும் அங்கே இருந்த குரோம் லெதர் கம்பெனியால்தான். ஆக 1640-ஆம் வருடத்து வீரன் குரோம் தோல் போட்டிருக்க வழியே இல்லை.

அருங்காட்சியகத்துக்கோ அச்சு அசலாகத்தான் வேண்டும் என்பவருக்கோ தைப்பதானால் பட்டையில் பதனிட்ட தோல் வாங்குங்கள். தமிழ்நாட்டில் ஆவாரம்பட்டையில் பதனிட்டு வெளிநாட்டுக்கு அனுப்பும் பழக்கம் ரொம்ப நாளாக இருந்தது. இன்று வேறு பட்டைகளும் சாறுகளும் சேர்ந்துவிட்டாலும் அந்த இளம்பழுப்பு ஆட்டுத்தோல் ஐரோப்பியப் பட்டைத் தோலுக்கு நெருங்கிய உறவு. சென்னை பெரியமேட்டில் செருப்பு லைனிங் தோல் விற்கும் கடைகளில் கேட்டுப் பாருங்கள். மேடைக்கும் போட்டோவுக்கும் குரோம் போதும். பத்தடி தள்ளி நிற்பவருக்குப் பளபளப்புதான் காட்டிக்கொடுக்கும். அதனால் பாலிஷ் ஏறாத மேற்பரப்பாகத் தேர்ந்தெடுங்கள்.

பஃப் கோட்டோட அந்த மஞ்சள் நிறம், மெத்துமெத்துனு இருக்கிறது எப்படிக் கொண்டுவர்றது?

கார் துடைக்கிற ஷாமி தோல் பார்த்திருப்பீர்கள். நல்ல ஷாமி எண்ணெயில் பதனிட்டது, பஃப் தோலின் தம்பி மாதிரி. ஆனால் உடுப்புக்கு மெல்லிசு. நான் எருமைத்தோலின் கீழடுக்கு சூடை 1.6 அல்லது 1.8-இல், சந்தனத்துக்கும் கடுகு மஞ்சளுக்கும் நடுவான நிறத்தில் வாங்குகிறேன். "பஃப்" என்ற சொல்லே எருமையைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது, அதனால் மனசாட்சியும் உறுத்தாது.

கையைச் சேர்க்கிற இடத்துல தோல் சுருங்கிச் சுருங்கி நிக்குது. என்ன பண்ண?

துணிச் சட்டையில் கையின் மேல்வளைவு அக்குளைவிட மூன்று சென்டிமீட்டர் கூட இருந்தாலும் நீராவி வைத்து உள்ளே அடக்கிவிடலாம். தோல் அடங்காது. 0.6 அல்லது 0.7-இல் மொத்தமாக 1 செ.மீ. தாங்கும், 1 மி.மீ.க்கு மேல் ஒன்றுமே தாங்காது. வளைவின் உயரத்தைக் குறைத்து இரண்டு அளவையும் சமமாக்குங்கள்.

பொம்மென்று உப்பிய கை வேண்டுமென்றால் அந்தக் காலத்து வழியையே பிடியுங்கள். தோலைச் செங்குத்தான பட்டைகளாக வெட்டி, உள்ளே துணியால் தைத்த உப்பலான கையை வைத்துப் பட்டைகளின் இடுக்கு வழியே பிதுங்க விடுங்கள். தோலுக்கு வேலை குறைவு, விரிவைத் துணி பார்த்துக்கொள்ளும். இல்லையென்றால் ஜெர்கினை கையில்லாமலே தைத்து, தோளில் ஒரு சின்ன மடல் வைத்து முடித்துவிடுங்கள். நான் சோம்பேறி, பெரும்பாலும் இதுதான்.

18-ஆம் நூற்றாண்டு பிரீச்சஸ்ல பின்னாடி நிறைய சுருக்கு இருக்கே. தோல்லயும் அப்படி வைக்கணுமா?

இதுதான் இந்தப் பக்கத்திலேயே கஷ்டமான கேள்வி. அந்தச் சுருக்கு அழகுக்காக இல்லை. கால் இறுக்கமாக இருப்பதால், உட்காரும்போது பின்னால் நீளம் தேவைப்படும். அந்த நீளத்தைப் பின்பக்கம் பை மாதிரி விட்டு, பட்டியில் சுருக்கி அடக்கியிருக்கிறார்கள். அதை எடுத்துவிட்டால் உட்கார்ந்ததும் கிழியும். தோலிலும் அது வேண்டும்.

அதனால் இங்கே மட்டும் சுருக்குக்கு ஒப்புக்கொள்கிறேன், ஆனால் அளவோடு. நடுத்தையலின் இரு பக்கமும் எட்டு எட்டு சென்டிமீட்டருக்குள் பொடிக் கொசுவமாக வைத்து, அந்த இடத்தில் மட்டும் தோலின் உள்பக்கத்தை மேலிருந்து 2 செ.மீ. வரை சீவி மெல்லிசாக்குங்கள். பட்டியின் உள்பக்கத்துக்குத் தோல் வேண்டாம், காடா துணி போதும். ஓர் அடுக்கு குறையும்.

இன்னொரு விஷயம். அந்தக் காலத்துத் தோல் பிரீச்சஸ் பெரும்பாலும் மான் தோல். இந்தியாவில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம் காட்டு மான்களின் தோலை வாங்குவதும் விற்பதும் குற்றம். யாராவது "பழைய ஸ்டாக்" என்று ரகசியமாகக் காட்டினால் நடையைக் கட்டுங்கள். 1 மி.மீ. வெள்ளாட்டு சூட் அதற்கு நல்ல மாற்று.

டிரையலுக்குக் காடா துணியில தைச்சுப் பார்த்தேன், கச்சிதமா இருந்துச்சு. தோல்ல தைச்சா வேற மாதிரி ஆயிடுச்சே?

காடா உங்களுக்கு அளவைச் சொல்லும், விழும் விதத்தைச் சொல்லாது. அளவுக்குக் காடாவில் ஒரு டிரையல், விரிவுக்குத் தடித்த ஃபெல்ட் துணியில் இன்னொரு டிரையல் பாருங்கள். 1 மி.மீ. தோலுக்கு 1 மி.மீ. ஃபெல்ட் ஓரளவு ஒத்துப்போகும். தோலில் ஒருமுறை ஊசி இறங்கினால் ஓட்டை ஓட்டைதான், பிரித்துத் தைக்கும் பேச்சே இல்லை. குண்டூசிக்குப் பதில் துணி உலர்த்தும் கிளிப் போடுங்கள்.

வீட்டு மிஷின்ல எவ்வளவு தடிமன் வரைக்கும் தைக்கலாம்?

சாதாரண வீட்டு மிஷின் மெத்தென்ற தோலில் மொத்த அடுக்கு இரண்டரை மி.மீ. வரை முனகாமல் தைக்கும். தோல் ஊசி 90 அல்லது 100, பாலியெஸ்டர் நூல், தோலில் ஒட்டாமல் வழுக்கும் டெஃப்லான் ஃபுட், தையல் நீளம் மூன்று அல்லது மூன்றரை மி.மீ. தையலைப் பொடியாக வைத்தால் தபால்தலை மாதிரி வரிசையாகக் கிழிந்துவிடும். மொத்த அடுக்கு அதற்கு மேல் போகும் இடங்களைச் செருப்புத் தைப்பவர்களிடம் இருக்கும் குத்தூசியால் முன்கூட்டியே துளைத்து, இரண்டு ஊசியால் கையில் தையுங்கள். பழைய பஃப் கோட்டுகளில் விளிம்போடு விளிம்பை முட்டவைத்துக் கையால்தான் தைத்திருக்கிறார்கள். அப்படித் தைத்தால் தையல் இடத்தில் தடிமன் கூடவே கூடாது.

தடிச்ச தோல் மலிவாக் கிடைச்சுது. மிஷின்ல குடுத்து மெல்லிசாச் சீவிட்டா?

முழுத் தோலையும் பிளக்கும் மிஷின் வைத்திருப்பவர்கள் சீவித் தருவார்கள். ஆனால் தோலின் பலம் அதிகமாக இருப்பது கீழே உள்ள நார் அடுக்கில். 2 மி.மீ. மாட்டுத்தோலைச் சீவி 0.7 ஆக்கினால் கையில் கிடைப்பது அழகான மேல்தோல் மட்டும், இழுத்தால் கிழியும். அதே 0.7-இல் பிறந்த ஆட்டுத்தோல் அதைவிடப் பலமடங்கு உழைக்கும். மலிவுக்கு ஆசைப்பட்டது போதும். ஓரங்களை மட்டும் ஒரு சென்டிமீட்டர் அகலத்துக்குச் சீவி மெல்லிசாக்குவது, அதாவது ஸ்கைவிங் செய்வது வேறு, அதை எப்போதும் செய்யலாம்.

ரெக்ஸின்ல தைச்சா என்ன?

தூரத்தில் நிற்கும் கூட்டத்துக்குத் தையுங்கள். மடிப்பில் வெள்ளைக்கோடு விழும், வியர்வை வெளியே போகாது. கதாநாயகனுக்கு வேண்டாம்.

தைச்சு மாட்டி வச்சேன். ஒரு வாரத்துல கீழ் விளிம்பு கோணல்மாணலாத் தொங்குது. துண்டுகளைச் சரியாத்தானே வெட்டினேன்?

வெட்டியது சரியாகவே இருக்கலாம். வட்ட வெட்டில் சில துண்டுகள் வயிற்றோரத்தில் விழுந்திருந்தால் அவை மட்டும் எடையில் இழுபட்டு நீண்டுவிடும், திசையைப் பற்றி மேலே சொன்னது இதற்குத்தான். நான் கீழ்விளிம்பைக் கடைசியில்தான் வெட்டுவேன். இரண்டு செ.மீ. கூட விட்டு, உடுப்பை டம்மியில் மூன்று நாள் தொங்கவிட்டு, தரையிலிருந்து ஸ்கேல் வைத்துச் சாக்பீஸால் கோடு போட்டு வெட்டுவேன். மடித்துத் தைக்க வேண்டியதில்லை, தோல் விளிம்பு பிரியாது. உங்களுடையது ஏற்கனவே தொங்கிவிட்டதால் இனி பெரிதாக இழுபடாது, இன்றே கோடு போட்டு வெட்டுங்கள். லைனிங்கைக் கீழே தோலோடு சேர்த்துத் தைத்திருந்தால் முதலில் அதைப் பிரித்துத் தனியே தொங்க விடுங்கள், இல்லாவிட்டால் வெட்டிய பிறகும் அது தோலைப் பிடித்து இழுக்கும்.